பால் சங்கத்துக் கம்பியில் போன பேச்சு

ஊஞ்சக்காட்டுவலசுப் பால் சங்கத்தில் பால் ஊற்ற வருகிறவர்கள் தங்கள் உறுப்பினர் நம்பரை இரண்டு தடவை சொல்ல வேண்டும், ஒரு தடவை பாலை வாங்கிப் பரிசோதிக்கிற மயிலாத்தாளிடம், இன்னொரு தடவை அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அவள் புருஷன் சென்னியப்பனிடம். மற்ற ஊர்ச் சங்கங்களில் பரிசோதிக்கிறவர் நம்பரைக் கேட்டுப் பின்னால் ஒரு குரல் கொடுத்தால் முடிந்துவிடுகிற காரியம் எங்கள் ஊரில் மட்டும் இரட்டை வேலை ஆனதற்குக் காரணம், அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது என்பதுதான். வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்கள்கூட ஒரே வாரத்தில் இதைப் பழகிக்கொண்டார்கள். கூட்டுறவுத் துறை அதிகாரி ஒருவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, இரண்டு தடவை சொல்வது பிழை வராமல் தடுக்கும் நல்ல முறை என்று பாராட்டி எழுதிவிட்டுப் போனார்.

பேச்சு நின்ற கதை சின்னக் கதைதான். பதினோரு வருடத்துக்கு முன்னால் மயிலாத்தாள் தம்பி பெண்டாட்டியின் பிரசவத்துக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கட்டுத்தரையில் பூரணி இல்லை, முளைக்குச்சி மட்டும் இருந்தது. பூரணி என்பது, அவள் அம்மா செத்தபோது பங்கு பாகம் என்று வேறெதையும் கேட்காமல் அவள் பிறந்த வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த கன்று; அது வளர்ந்து ஏழு வயதுப் பசுவாகி, மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்காமல் போனதால் சென்னியப்பன் அதைச் சனிக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப் போய் விற்றுவிட்டார். அவள் முளைக்குச்சியைப் பார்த்தாள், "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னாள், அடுப்பு பற்ற வைக்கப் போய்விட்டாள். சண்டையை எதிர்பார்த்து வேலியோரம் நின்ற நாங்கள் கால் கடுத்துத் திரும்பியதுதான் மிச்சம்.

அதன் பிறகு அவள் சுவரிடம் பேசினாள், அவர் மாட்டிடம் பேசினார். "சோறு ஆறுதுன்னு ஆராச்சும் சொன்னாத் தேவுலை" என்று அவள் சுவருக்குச் சொல்வாள்; "நாளைக்கு நான் ஊருக்குப் போறேன், தவுடு இருக்குதான்னு பாத்துக்க" என்று அவர் எருமைக்குச் சொல்வார். மகளைத் தாராபுரத்தில் கட்டிக்கொடுத்ததும் இப்படியேதான் நடந்தது, சம்பந்தி வீட்டார் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சங்கத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடியது சாம்பல் நிறத்தில் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு கம்பி, இரண்டு நுனியிலும் திருகாணி. மயிலாத்தாளின் மெஷின் பாலை உறிஞ்சிப் பார்த்துக் கொழுப்பு இவ்வளவு, சத்து இவ்வளவு என்று கண்டுபிடித்து அந்தக் கம்பியில் அனுப்பும், சென்னியப்பனின் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு "வந்தது, அடுத்தது" என்று பதில் அனுப்பிச் சீட்டை அடிக்கும். போன சித்திரையிலிருந்து சீட்டு சரியாக வரவில்லை. நடுநடுவே வெற்றுத்தாள் வரும், கொழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறியாக வரும், சில சமயம் கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லாமல் அசந்து நின்றுவிடும். பால் ஒன்றியத்து ஆபீசுக்குப் புகார் எழுதினோம்.

அவர்கள் அனுப்பிய மெக்கானிக், கரூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்த நசீமா. முப்பது வயது இருக்கும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுகிற பெண். கம்பியை நடுவில் பிரித்துத் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டியைச் செருகி, அதிலிருந்து ஒரு வால் இழுத்துத் தன் லேப்டாப்பில் மாட்டினாள். உள்ளே இன்னொரு ஆள் நிற்க இடமில்லாததால் லேப்டாப்பைப் பால் ஊற்றும் ஜன்னல் திண்டில் வெளிப்பக்கம் பார்க்க வைத்து, அவளும் வரிசையில் நின்ற எங்களோடு வெளியே நின்றுகொண்டாள்.

"ரெண்டு மெஷினும் இந்தக் கம்பி வழியாத்தான் பேசிக்குது" என்று எங்களுக்கு விளக்கினாள். "ஒவ்வொரு எழுத்தா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா, நீங்க வரிசையில நிக்கிற மாதிரியே போகும். அந்தம்மா பக்கத்துல இருந்து போறது சிவப்பு, அய்யா பக்கத்துல இருந்து வர்றது நீலம். கோளாறு எந்தப் பக்கம்னு ஒட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சுடலாம்."

ஒட்டுக் கேட்பது என்றதும் எங்கள் வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

முதலில் நின்றவள் பக்கத்து வீட்டுத் தெய்வாத்தாள். "நாப்பத்தேழு" என்றாள் மயிலாத்தாளிடம், "நாப்பத்தேழு" என்றாள் சென்னியப்பனிடம். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: *கொழுப்பு 4.1 சத்து 8.3 ரெண்டு நாளா கண்ணு செவந்து கெடக்குதே சொட்டு மருந்து வுட்டா என்ன.* அதன் கீழே நீலமாக: *வந்தது. அடுத்தது. உனக்கும் முட்டி வலிதானே, அந்த ஸ்டூலுக்கு ஒரு தலகாணி போட்டுக்க வேண்டியதுதானே.*

உள்ளே மயிலாத்தாள் உதட்டை இறுக்கி அடுத்த பாலை முகந்துகொண்டிருந்தாள், சென்னியப்பன் சீட்டைக் கிழிக்கக் காத்திருந்தார், வெற்றுச் சீட்டு வந்தது.

நசீமா மாட்டியதைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "தமிழ் எழுத்துக்கு இந்த மெஷின்ல இடமே கிடையாதுங்க" என்றாள், கவலையாக.

"எடம் இல்லாட்டி என்ன அம்மிணி" என்றாள் தெய்வாத்தாள். "பஸ்ஸுல எடம் இருந்தா நாங்க ஏறுறோம்? பதினோரு வருசமா வாயில வராதது எங்கியாச்சும் போய்த்தானே ஆகோணும்."

அது சரிதான் என்று எங்கள் எல்லோருக்கும் பட்டது. நசீமாவுக்கு மட்டும், கணக்கில் இல்லாத எழுத்துகள் கூட வருவதால்தான் கம்ப்யூட்டர் திணறுகிறது என்ற அளவில் திருப்தி, எழுத்துகள் ஏன் வருகின்றன என்பது மேலதிகாரிகள் முடிவு செய்ய வேண்டியது. பத்து நாளைக்கு எல்லாம் பதிவாகட்டும் என்று லேப்டாப்பை ஜன்னலிலேயே விட்டுப் பால் தெறிக்காமல் ஒரு பாலித்தீன் பையைப் போர்த்திவிட்டுப் போனாள். "இது வெறும் காதுதான், யாரும் எதையும் அமுக்காதீங்க" என்று ஸ்கூட்டியை உதைக்கும்போது சொன்னாள்.

அடுத்த ஒரு வாரமும் எங்கள் ஊரில் பால் பெருகியது. தனியார் டைரிக்கு ஊற்றிக்கொண்டிருந்த ஒன்பது குடும்பங்கள் கூட்டுறவின் மேல் திடீர்ப் பற்று வந்து திரும்பின, மாடே இல்லாதவர்கள் காப்பிக்கு வாங்கிய பாலை டம்ளரில் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள், காலைப் பாலுக்குப் புருஷனையும் மாலைப் பாலுக்குப் பெண்டாட்டியையும் அனுப்பி வந்தவர்கள் இரண்டு வேளையும் இரண்டு பேருமாக வந்தார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குத் தெய்வாத்தாள் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் படித்துச் சொன்னாள். திரையில் ஓடியது ஒன்றும் பெரிய விஷயமில்லை. முருங்கைக்கீரையில் உப்புக் குறைந்தது, மகள் போன் பண்ணி மூன்று நாளானது, மேற்கு ஓட்டில் ஒழுகல், அவருக்கு இருமல், அவள் சேலைத் தலைப்பில் கிழிசல், இப்படி நாலு புள்ளி ஒன்றுக்கும் எட்டு புள்ளி மூன்றுக்கும் நடுவில் ஒரு குடும்பம் மொத்தமும் பேசிக்கொண்டே போனது.

இது அவர்களுக்கே தெரியுமா என்பதில் ஊர் மூன்றாகப் பிரிந்தது. தெரியும், நடிக்கிறார்கள் என்றது ஒரு கட்சி. தூக்கத்தில் பேசுகிறவனுக்குத் தான் பேசுவது தெரியுமா என்றது இன்னொரு கட்சி. தெரிந்தால் நமக்கென்ன, தெரியாவிட்டால் நமக்கென்ன, வரிசை நகரட்டும் என்ற மூன்றாவது கட்சியில் ஆள் குறைவு.

சங்கத் தலைவர் நாச்சிமுத்து நிர்வாகக் குழுவைக் கூட்டி, திரையில் வருவதை ஜன்னலுக்கு உள்ளே யாரும் சொல்லக் கூடாது என்று தீர்மானம் போட்டார். அவர்கள் மானம் போய்விடும் என்பது எழுதிய காரணம். தெரிந்துவிட்டால் நின்றுவிடும் என்பது எழுதாத காரணம். ஏழு பேர் கொண்ட அந்தக் குழுவில் நானும் ஒருவன், கையெழுத்துப் போட்டவன், அதனால் இதை மறைத்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

வாய்தான் மூடியிருந்ததே தவிர எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மறுநாளே தெய்வாத்தாள் ஒரு தலையணையைக் கொண்டுபோய் மயிலாத்தாளின் ஸ்டூலில் போட்டாள். இன்னொருவர் சென்னியப்பனின் மேஜையில் சொட்டு மருந்து வைத்தார். ஓடு மாற்றுகிறவன் தானாகப் போய் மேற்கு ஓட்டை மாற்றினான். தலையணையை அனுப்பியது அவர்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள், மருந்தைச் சொல்லி அனுப்பியது அவள்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார், அன்றைக்குச் சாயங்காலம் கம்பியில் சிவப்பும் நீலமும் நிற்காமல் ஓடி இருபத்திரண்டு பேருக்குச் சீட்டே வரவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பூரணி பேச்சு மட்டும் வரவே இல்லை. உப்பு வந்தது, ஓடு வந்தது, இருமல் நாலு தடவை வந்தது, பசு வரவில்லை. எல்லா வழியாகவும் சுற்றிவந்து அந்த முளைக்குச்சிக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டு நிறமும் விலகிப் போய்விடும். கதை கேட்கிறவர்களுக்கு இதைவிடக் கொடுமை உண்டா?

எட்டாம் நாள், புதன்கிழமை, ஒன்றியத்திலிருந்து கடிதம் வந்தது. பழுதான பழைய கருவிகளுக்குப் பதிலாகப் பரிசோதனையும் சீட்டும் ஒரே பெட்டியில் நடக்கிற புது மெஷின் வெள்ளிக்கிழமை வரும், கம்பி கிடையாது, ஒரு ஆள் போதும், இருவரில் ஒருவர் வீட்டில் இருந்துகொள்ளலாம். அந்த அறையில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் முதுகோடு முதுகாக உட்காருவதும் போய், இந்தக் கம்பியும் போனால், அவள் கேட்க வேண்டிய ஒரு வார்த்தையும் அவர் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையும் இந்த ஜென்மத்தில் சந்திக்கப் போவதில்லை. பழைய கம்பியை மனிதாபிமான அடிப்படையில் விட்டுவைக்கும்படி மனு எழுதி நூற்றுப்பதினாறு பேர் கையெழுத்துப் போட்டோம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான், இருந்தாலும் அதில் பாதிக் கண்ணீர் நிஜம்.

மனுவுக்குப் பதில் வராது என்று தெரிந்ததால் அன்று மத்தியானமே நாச்சிமுத்து குழுவைக் கூட்டினார். திரையின் அடியில் ஒரு நீளக் கட்டம் இருப்பதையும், அதற்குப் பக்கத்தில் 'அனுப்பு' என்று ஒரு பொத்தான் இருப்பதையும் அவர் முந்தின நாளே பார்த்து வைத்திருந்தார்.

"இதுக்கு வாயும் இருக்குதுங்க" என்றார். "அவரு சொல்ல வேண்டியதை நாம சொல்லிப்போட்டா என்ன? நீல நெறத்துல போனா அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

அப்படித்தான் சென்னியப்பன் மயிலாத்தாளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை ஊஞ்சக்காட்டுவலசுப் பால் உற்பத்தியாளர் சங்க நிர்வாகக் குழு எழுத ஆரம்பித்தது. ஏழு ஆம்பிளைகள், ஏழு பேருக்கும் கல்யாணமாகிவிட்டது, ஒருவரும் அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை வாழ்நாளில் வீட்டில் சொன்னதில்லை, அதனால் மாதிரிக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில், மின்தடை அன்று ஒட்டிய அறிவிப்பை எடுத்துவந்து பார்த்தோம். ஒரு மணி நேரம் விவாதம், இரண்டு திருத்தம், நாச்சிமுத்து முன்மொழிய நான் வழிமொழிய ஏகமனதாக நிறைவேறியது இது: *அன்புடையீர், பூரணி என்னும் பசுவைத் தங்களின் முன் அனுமதியின்றி விற்றமைக்கும் அதனால் தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கும் வருந்துகிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.*

வீட்டில் வந்து என் சம்சாரத்திடம் படித்துக் காட்டினேன். "பதினேழு வருசத்துல எங்கிட்ட ஒருக்காச் சொல்லியிருப்பீங்களா இந்த வருந்துகிறேனை?" என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாயங்காலப் பாலுக்குக் கிளம்பிவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு, வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாச்சிமுத்து ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்துப் பொத்தானை அமுக்கினார். மன்னிப்பு நீலமாகக் கம்பியில் ஏறிப் போயிற்று. உள்ளே மயிலாத்தாளின் கை பால் குவளையோடு அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சிவப்பு வந்தது.

*கொழுப்பு 3.9 சத்து 8.2 இது ஆரு.*

நீலம் உடனே வந்தது, நாங்கள் யாரும் அடிக்காத நீலம். *வந்தது. அடுத்தது. நானில்லை.*

அதற்கப்புறம் எண் மட்டும்தான். நாலு புள்ளி பூஜ்யம், எட்டு புள்ளி இரண்டு, வந்தது, அடுத்தது. வியாழக்கிழமை காலையும் அதேதான், சாயங்காலமும் அதேதான். உப்பு இல்லை, ஓடு இல்லை, இருமல்கூட இல்லை. சீட்டுகள் ஒரு எழுத்துப் பிசகாமல் பளிச்சென்று வந்தன. டம்ளர் பால்காரர்கள் வரவில்லை, வந்தவர்களும் சீட்டை வாங்கிக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் போனார்கள். கெரகம், நாலு எழுத்தை நல்ல தமிழில் எழுதத் தெரிந்த குற்றத்துக்குப் பதினோரு வருடப் பேச்சை அடைத்துவிட்டோமே என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிடலாம் என்று குழுவில் பேச்சு வந்தது. யார் போவது என்று கேட்டபோது கூட்டம் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலைப் பாலுக்குப் புது மெஷினை ஸ்கூட்டியின் பின்னால் கட்டிக்கொண்டு நசீமா வந்தாள். முதல் வேலையாகப் பதிவுகளைப் பார்த்தாள், புதன் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு பிழையும் இல்லை என்பதைக் கண்டு மகிழ்ந்து போனாள். "கோளாறு தானாவே சரியாயிடுச்சே!" என்று எங்களைப் பார்த்தாள். நாங்கள் கேனுக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் உள்ளே போய்த் திருகாணிகளைக் கழற்றி, கம்பியை இரண்டு பக்கமும் உருவிச் சுருட்டிப் பையில் போட்டாள்.

மயிலாத்தாள் தன் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய முதுகைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த மன்னிப்பை எழுதுனது ஆரு?"

அந்த அறையில் அவள் அவரிடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. சென்னியப்பன் திரும்பவில்லை. "நானில்லை" என்றார் மெதுவாக.

"அது தெரியும். நீங்க எழுதியிருக்கோணும்."

வரிசையில் யாரோ கேன் மூடியைக் கீழே போட்டார்கள், எடுக்கவில்லை. சென்னியப்பன் நாற்காலியைத் திருப்ப முயன்று, அது திரும்பிப் பழக்கமில்லாததால் எழுந்து நின்று திரும்பினார். பேச ஒரு எருமையும் அங்கே இல்லை.

"வித்த மக்யா நாளே தேடிப் போனேன்" என்றார். "வாங்குனவன் கைமாத்திட்டான். அடுத்த சனிக்கெழமையும் போனேன். ஒண்ணு ரெண்டில்லை, மூணு சந்தை. ரெண்டு வருசம் வாராவாரம் போனேன். எந்த மாட்டுத் தாவணியிலயும் இல்லை. கண்டுபுடிச்சு ஓட்டியாந்து கட்டுத்தரையில கட்டிப்போட்டு அப்புறம் பேசிக்கலாம்னு இருந்தேன்."

மயிலாத்தாள் அவரையே பார்த்தாள். "சனிக்கெழமை ஆனாச் சீட்டாடப் போறீங்கன்னு ஊரே சொல்லுச்சு."

ஊர் என்றால் நாங்கள்தான். நானும் சொல்லியிருக்கிறேன், யாரோடு எந்தத் தோப்பில் ஆடினார் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நீதான் பேசலையே."

"நீங்க சொல்லியிருந்தாப் பேசியிருப்பனே!" என்று கத்தினாள் மயிலாத்தாள். கத்திவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார், ஆம்பிளை அழுகிற அசட்டுத்தனத்தோடு, மூக்கைத் தன் சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டு. நசீமா சுருட்டிய கம்பியோடு ஓரமாக ஒதுங்கிச் சுவரைப் பார்த்து நின்றாள். வெளியே எங்களில் ஒருத்தருக்கும் ஒருத்தர் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லை.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள். "நாளைக்குச் சனிக்கெழமை" என்றாள். "நானும் வாறேன். அவளை உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது. எனக்குத் தெரியும்."

மறுநாள் காலைப் பாலை நாச்சிமுத்துவே பிடித்தார். ஏழு மணி டவுன் பஸ்ஸுக்கு அவர்கள் இரண்டு பேரும் எங்கள் வரிசையைத் தாண்டித்தான் போனார்கள், அவள் கையில் மாடு கட்டுகிற புதுத் தும்பு ஒன்று சுருட்டி வைத்திருந்தாள், அவர் பையில் சாப்பாடு எடுத்திருந்தார், யார் ஓட்டிக்கொண்டு வருவது, லாரி பிடிப்பதா நடத்தியே கூட்டி வருவதா என்று அப்போதே தகராறு ஆரம்பித்திருந்தது. பூரணிக்கு இருந்தால் பதினெட்டு வயது. சினை நிற்காத மாடு சந்தையிலிருந்து எங்கே போகும் என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். வரிசையில் முப்பத்தொரு பேர் நின்றோம், பஸ் கிளம்பிப் போகும்வரை ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.